இடப்பக்கத்து ஆள்

எரிபெர்தோ குவேயாரை ஸபாட்டாவில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெத்தோ என்றால் போதும். எந்தப் பெத்தோ என்று கேட்டால் உண்ணிக்காரர் பெத்தோ என்பார்கள். நாட்டு எல்லையாக ஓடும் ஆற்றின் கரையோரம் குதிரையில் போய், அக்கரை நாட்டிலிருந்து நீந்தி வரும் மாடுகளைப் பிடித்துக் கட்டுவதும், இக்கரை மாடுகளின் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலை. குதிரை அவருடையது, சேணம் அவருடையது. சம்பளம் மட்டும் அரசாங்கத்துடையது.

உண்ணி என்றால் நாய்க்காதில் ஒட்டிக்கிடக்கிற உண்ணி இல்லை. இது மாட்டுக்குக் காய்ச்சல் கொண்டுவருகிற உண்ணி. காய்ச்சல் கண்ட மாடு ரத்தமாக மூத்திரம் பெய்யும், தள்ளாடும், செத்துப்போகும். அந்தக் காய்ச்சலை இக்கரையில் கண்ணால் கண்டவர்கள் இப்போது யாரும் உயிரோடு இல்லை. காணாமல் இருப்பதற்குக் காரணம், ஆற்றோரம் நெடுக ஒரு துண்டு நிலத்தை அரசாங்கம் எப்போதும் கண்காணிப்பில் வைத்திருப்பதுதான். ஒரு மாட்டில் ஒரே ஒரு உண்ணி கிடைத்தாலும் அந்த நிலம் முழுவதும் தடைக்குள் போய்விடும். மாடுகளை முள்காட்டிலிருந்து திரும்பத் திரும்பத் திரட்டிக் கொண்டுவந்து மருந்துத் தொட்டியில் நீந்தவிட வேண்டும். விற்க முடியாது, வெளியே ஓட்ட முடியாது. பக்கத்து நிலத்துக்காரர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வதால், உண்ணி கிடைத்தவருக்குக் கொஞ்ச நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தடவிப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இரும்புக் கம்பி ஒடுக்கத்துக்குள் மாடு வந்து நின்றதும் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் நிற்பார்கள். வெறுங்கையால் வால்முளையில் ஆரம்பித்து, தொடையிடுக்கு, மடி, விலா, முன்னங்கால் சந்து, அலைதாடி, கழுத்து, காது என்று போக வேண்டும். ரத்தம் குடித்துப் பெருத்த உண்ணி யார் கண்ணுக்கும் தெரியும், அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வேண்டாம். எள்ளளவு இருந்து, முடிக்குள் தோலோடு தோலாக ஒட்டிக்கிடப்பதைத்தான் விரல் கண்டுபிடிக்க வேண்டும். முடித்ததும் அவரவர் பக்கத்துக்கு அவரவர் "சுத்தம்" என்று சொல்வார்கள். இரண்டு சுத்தமும் வந்தால் கதவு திறக்கும்.

ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் கை வைப்பதில்லை. இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அப்படிக் கை நீட்டுவது அடுத்த வீட்டு அடுப்பில் கொதிக்கிற குழம்பைத் திறந்து உப்புப் பார்ப்பது மாதிரி. செய்ய மாட்டார்கள்.

பெத்தோ இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதனால் எப்போதும் இடப்பக்கம். கூட நிற்பவர்கள் மாறினார்கள், ஓய்வு பெற்றார்கள், ஒருவர் குதிரை மிதித்துச் செத்தார். இடப்பக்கத்து ஆள் மட்டும் மாறவில்லை. அவர் விரலுக்குத் தப்பி உண்ணி போனதில்லை என்று ஆற்றோரம் எல்லாப் பட்டியிலும் சொல்வார்கள். அவரும் அதை நம்பினார். அதுதான் பின்னால் தொந்தரவாகிப்போனது.

பெரிய பண்ணை ஒன்றில் மாடு மேய்த்தவரின் மகன் அவர். முப்பது வயதுக்குள்ளாகவே கயிறு வீசுவதில் பெயர் வாங்கியிருந்தார், கையில் காசுதான் நின்றதில்லை. மினெர்வாவைக் கட்டி, அவள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்துதான் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டார். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது, இன்னொன்றும் பிறந்தது. பெண்கள் இருவரும் இப்போது சான் அன்டோனியோவில் இருக்கிறார்கள். மினெர்வா ஊருக்குள் நடமாட முடியாத வயசானவர்களை வீடு வீடாகப் போய்க் கவனித்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது. அரசாங்கம் அவளுக்கும் சம்பளம் கொடுக்கிறது. வீட்டில் இருக்கிற கிழவரைக் கவனிப்பதற்கு மட்டும்தான் சம்பளமில்லை என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

பெத்தோவுக்குச் சர்க்கரை வந்து ரொம்ப நாளாகிவிட்டது. மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். பட்டியில் மாடு திரட்டும் நாளில் யாராவது இனிப்பு ரொட்டி கொண்டுவந்தால் வேண்டாமென்று சொல்ல மாட்டார். சர்க்கரை முதலில் காலைப் பிடிக்கும். பிடித்தது. காலணிக்குள் கல் கிடந்து பகல் முழுக்க அரைத்திருந்தாலும் சாயங்காலம் மினெர்வா கழற்றிப் பார்த்துத்தான் அவருக்கே தெரியும். கால்தானே, மாட்டைக் காலால் தடவுவதில்லையே என்று இருந்துவிட்டார்.

அந்த வருஷம் மழை இல்லை. ஒரு காலையில் மினெர்வா கல்லில் தொர்த்தியா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பெத்தோ பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டே, உப்பிவந்த தொர்த்தியாவைத் திருப்புவதற்காக விரல்களை வைத்தார். அப்போது மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார். பெத்தோ ஒரு கையால் போனை எடுத்துப் பேசினார். மறு கை விரல்கள் கல்லின் மேல் அப்படியே இருந்தன. மினெர்வா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோது தோல் வெந்து வெளுத்திருந்தது. அவர் போனில் பேச்சை நிறுத்தக்கூட இல்லை.

போன் பேசி முடித்ததும் மினெர்வா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்தாள். கண்ணை மூடு, குத்தும்போது சொல்லு என்றாள். பெத்தோ கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"குத்து, கிழவி. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

"குத்தி முடிச்சாச்சு, கிழவா. அஞ்சு விரல்லயும்."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு விரல் நுனியிலும் சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு இருந்தது.

மினெர்வா அத்தோடு விடவில்லை. துவாலையை மேசையில் விரித்து, அதன் மடிப்புக்குள் பீன்ஸ் விதை, அரிசி, எள் என்று தூவி, பார்க்காமல் தடவி எடுக்கச் சொன்னாள். பீன்ஸ் கிடைத்தது. அரிசி ஒன்றிரண்டு கிடைத்தது. எள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. துவாலையை உதறியபோது தரையெல்லாம் எள்ளாகச் சிதறியது. அதைப் பெருக்கிக்கொண்டே அவள், ஆபீஸில் போய்ச் சொல்லிவிடு என்றாள். அழவில்லை, அதட்டவில்லை. நோயாளி வீட்டில் சொந்தக்காரர்களிடம் சொல்வது மாதிரி ஒரு தடவை தெளிவாகச் சொன்னாள்.

பெத்தோ சொல்லத்தான் நினைத்தார். ஆனால் ஒடிலியாவின் மாடுகளை முதலில் முடித்துவிடலாம் என்று பட்டது.

ஒடிலியா சப்பா அவருக்குக் கொம்மாத்ரே. அவளுடைய மகன் ரூபெனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் பெத்தோ. அந்த நாளிலிருந்து ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொம்மாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதை குறையாமல்தான் பேசுவார்கள். புருஷன் போன பிறகு ஆற்றை ஒட்டிய நிலத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். முந்தைய வருஷம் அக்கரைக் காளை ஒன்று நீந்தி வந்து அவள் மாடுகளோடு கலந்து நின்றதில் உண்ணி ஒட்டிவிட்டது. நிலம் தடைக்குள் போயிற்று. அதிலிருந்து சொன்னபோதெல்லாம் திரட்டினாள், சொன்னபோதெல்லாம் தொட்டியில் இறக்கினாள். இப்போது கடைசிச் சோதனை. சுத்தம் என்று வந்தால் அன்றைக்கே மாடுகள் வடக்கே போய்விடலாம். ரூபென் அங்கே புல் உள்ள நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து லாரியும் சொல்லி வைத்திருந்தான்.

இங்கே புல் கிடையாது. ஒடிலியா தினமும் காலையில் முதுகில் எரிவாயுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு, நீளக் குழாயில் நெருப்பு சீறவிட்டு, சப்பாத்திக் கள்ளியின் முள்ளைப் பொசுக்கிக் கொண்டிருந்தாள். முள் பொசுங்கியதும் மாடுகள் கள்ளியைத் தின்னும். அந்தச் சத்தம் கேட்டாலே ஓடிவரும். அவளுக்கு வலது முழங்கால் சரியில்லை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் கேட்டு வைத்திருந்தாள், மாடுகள் போன பிறகு.

ஆபீஸில் ஆள் பற்றாக்குறை. தான் விலகிக்கொண்டால் ஒடிலியாவின் முறை தள்ளிப்போகும். இந்த ஒரு பட்டியை முடித்துவிட்டு மறுநாள் சொல்லிவிடலாம் என்று பெத்தோ தனக்குத் தானே தீர்த்துக்கொண்டார். கண் இருக்கிறது, மணிக்கட்டின் உட்பக்கம் இன்னும் உணர்வு இருக்கிறது, இத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறது. மினெர்வாவிடம் சொன்னார். அவள் மருந்துப் பெட்டியை எடுத்து வந்தாள். வெந்த விரல்களுக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். பட்டி வாசலில் வண்டியிலிருந்து இறங்குமுன் அவர் அந்தக் கட்டை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வலப்பக்கம் பல்தெமார் நின்றான். நாற்பது வயதுக்குள் இருக்கும். பெத்தோவை மரியாதையாகத் தோன் பெத்தோ என்றுதான் கூப்பிடுவான், ஆனால் வாய் ஓயாது. ஒடிலியாவின் காளையைப் பார்த்து, இது என் மாமியாரைவிட நல்ல குணம் என்றான். பெத்தோவின் தொப்பையைப் பார்த்து, மாட்டுக்கு முன்னால் உங்களைத்தான் தொட்டியில் இறக்கி எடை பார்க்க வேண்டும் என்றான். ஒடிலியா வேலிக் கம்பிமேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருந்தது.

மாடுகள் வந்தன. பெத்தோ தடவினார். விரல்கள் எப்போதும் போகிற வழியில்தான் போயின. மாட்டின் சூடு தெரிந்தது, அசைவு தெரிந்தது, முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அல்லது தெரிகிற மாதிரி இருந்தது. சந்தேகம் வந்த இடத்தில் மணிக்கட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். குனிந்து கண்ணால் பார்த்தார். சுத்தம் என்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து சுத்தம் என்று வந்தது. கதவு திறந்தது. பாதி மந்தை அப்படியே வெளியே போயிற்று.

அடுத்து வந்தது முகம் வெளுத்த ஒரு கிழட்டுப் பசு. சாதுவான மாடு, கன்று போடும்போதுகூட உதைக்காது என்று ஒடிலியா சொல்வாள். பெத்தோவின் கை முன்னங்கால் சந்துக்குப் போனதும் அது வெடுக்கென்று காலை உதறியது. மறுபடியும் அதே இடத்தில் கை வைத்தார். மறுபடியும் உதறியது. அங்கே என்னவோ இருக்கிறது. மாட்டுக்குத் தெரிகிறது. அவர் விரலுக்கு வழவழவென்று தோல்தான் தெரிந்தது.

பெத்தோ கையை எடுக்காமல் நின்றார். வலப்பக்கத்திலிருந்து சுத்தம் என்று ஏற்கெனவே வந்துவிட்டது. கதவுக் கயிற்றைப் பிடித்திருந்தவன் இவரைப் பார்த்தான்.

"என்ன கொம்பாத்ரே, மாட்டுக்கு ஜோசியம் பாக்கறீங்களா?" என்று ஒடிலியா கேட்டாள்.

பெத்தோ தொப்பியைக் கழற்றி, கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"பல்தெமார். இந்தப் பக்கம் வா. என் பக்கத்தையும் நீயே பாரு."

பல்தெமார் கேட்காத மாதிரி நின்றான். இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் சுற்றிக்கொண்டு வந்தான். பெத்தோவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, முன்னங்கால் சந்தில் விரலை விட்டான். உடனே நிமிர்ந்தான்.

"முள்ளு, தோன் பெத்தோ. கள்ளி முள்ளு உள்ள முறிஞ்சு புண்ணாயிருக்கு. உண்ணி இல்ல."

ஒடிலியா பெருமூச்சு விட்டு, அப்படியானால் கதவைத் திற என்றாள். அத்தோடு முடிந்திருக்கலாம். பல்தெமார் தன் பக்கத்துக்குப் போக இரண்டு எட்டு வைத்தும்விட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மந்தை முழுக்கப் போயிருக்கும், லாரி வந்திருக்கும்.

"முள்ளா உண்ணியான்னு எனக்குத் தெரியல, கொம்மாத்ரே. அங்க ஒண்ணு இருக்குங்கறதே தெரியல. மாடு உதைச்சுதான் தெரிஞ்சுது."

அவர் இடக்கையை வேலிக்கு மேலே நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"மரத்துப் போச்சு."

"எப்பலேர்ந்து?"

"அது தெரியாது."

ஒடிலியா கையைப் பார்த்தாள். பிறகு, ஏற்கெனவே வெளியே விடப்பட்டு, கருவேல நிழலில் ஒன்றோடொன்று கலந்து நின்ற தன் மாடுகளைப் பார்த்தாள். அவற்றில் எது பார்த்தது, எது பாராதது என்று பேச்சே இல்லை, எல்லாம் இடப்பக்கம் பாராதவைதான்.

"அப்ப லாரி?"

"வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

அவள் போனை எடுத்து ரூபெனைக் கூப்பிட்டுச் சொன்னாள். வைத்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கூப்பிடாத விதமாகக் கூப்பிட்டாள்.

"சரிங்க, குவேயார் சார். இனிமே என்னன்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்குள் போய்விட்டாள்.

பல்தெமார் வண்டிவரை கூட வந்தான். அன்றைக்கு அவன் வாயில் வேடிக்கை வரவில்லை. ஒரு மாசமாகவே தனக்குச் சந்தேகம் இருந்தது என்றான். பெத்தோவின் கை முன்னைவிட வேகமாகப் போனதாம்.

"ஏன்டா சொல்லல?"

"உங்க பக்கம், தோன் பெத்தோ. நான் எப்படிக் கை வைக்கிறது?"

"வெச்சிருக்கணும்."

"வெச்சிருந்தா அடிச்சிருப்பீங்க."

"அடிச்சிருப்பேன். அப்பவும் வெச்சிருக்கணும்."

ஆபீஸில் யாரும் கத்தவில்லை. மேற்பார்வையாளர் கையைப் பார்த்தார், மினெர்வா எழுதிக்கொடுத்த மாத்திரைப் பட்டியலைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். கேட்டதெல்லாம் எந்தெந்தப் பட்டியில் எப்போது நின்றீர்கள் என்றுதான். எப்போது மரத்தது என்று தெரியாததால், அந்தப் பருவத்தில் அவர் இடப்பக்கம் நின்ற பட்டிகள் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒடிலியாவின் தடை நீடித்தது. அவள் முறை வர எவ்வளவு நாளாகும் என்று பெத்தோ மேற்பார்வையாளரிடம் கேட்டார். இருக்கிற ஆட்களை வைத்துத்தான் பார்க்க முடியும் என்றார்.

பெத்தோவைக் குதிரையிலிருந்தும் இறக்கிவிட்டார்கள். உணர்வில்லாத காலை அங்கவடியில் வைத்துக்கொண்டு ஆற்றோரம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது நியாயம்தான். அதற்குப் பதிலாக மான்களுக்குத் தீனி போடும் வண்டியைக் கொடுத்தார்கள். உண்ணி மாட்டோடு நிற்பதில்லை, மானிலும் நீலான் என்கிற காட்டு விலங்கிலும் ஏறி வேலி தாண்டிப் போகும். மானை ஒடுக்கத்தில் நிறுத்தித் தடவ முடியாதே. அதனால் மருந்து கலந்த சோளத்தைக் காட்டுக்குள் அங்கங்கே பீப்பாயில் நிரப்பி வைப்பார்கள். குதிரைக்காரர்கள் அந்த வேலைக்குப் போகிறவர்களை மான் ஆயா என்று கேலி பேசுவார்கள். பெத்தோவும் பேசியவர்தான்.

கேலியைவிட மற்றது பெரிசு. வெயிலில், காய்ந்த முள்காட்டில், ஏற்கெனவே ஒருமுறை திரட்டிய மாடுகளை மறுபடி திரட்ட வேண்டியிருந்தால் யாருக்கும் கோபம் வரும். ஒருநாள் பெத்தோ தீவனக்கடைக்குப் போனார். இருந்தவர்களில் ஒருவர், பெத்தோவின் காது கேட்க, கடைக்காரரிடம் எனக்கு மூட்டையை நீங்களே எண்ணிக் கொடுங்கள், சில பேர் கையை நம்ப முடியாது என்றார். பெத்தோ வாங்கவந்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அதே ஆளின் பட்டியில்தான் பின்னால் உண்ணி கிடைத்தது. அது பெத்தோவின் கைக்குத் தப்பியதா, அதற்கப்புறம் ஆறு தாண்டி வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெத்தோ அதைப் பற்றி மினெர்வாவிடம் ஒரே ஒருமுறை பேசினார். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு சாப்பிடு, தட்டு ஆறுகிறது என்றாள் அவள்.

அவர் செய்யக்கூடியதாக ஒன்று இருந்தது. விடிந்ததும் ஒடிலியாவின் நிலத்துக்குப் போய்க் கள்ளி பொசுக்கலாம். மினெர்வா முதலில் கூடவே கூடாது என்றாள். உணர்வில்லாத கையும் நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கிற ஒருவருக்கு வெந்நீர்ப் பையால் எலும்புவரை புண்ணானதைத் தினமும் கட்டுப் போட்டு வந்தவள். பிறகு முழங்கைவரை வருகிற தோலுறை வாங்கி வந்தாள். அதைப் போடாமல் போனால் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். திரும்பி வந்ததும் கைகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் காப்பி கொடுப்பாள்.

முதல் நாள் ஒடிலியா வாசலில் நின்று பார்த்தாள். எரிவாயுக் குடுவையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாளும் அதேபடி. பெத்தோ பொசுக்கிவிட்டு, மாடுகள் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சோள வண்டிக்குப் போய்விடுவார். நாள் போகப் போக மாடுகளின் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ஒரு கிழட்டு மாடு படுத்து எழுந்திருக்கவில்லை. அதை இருவருமாகக் காட்டுக்குள் இழுத்துப் போட்டார்கள். முழங்காலுக்குக் குறித்திருந்த நாளை ஒடிலியா தள்ளிவைத்துவிட்டாள் என்று ஊரில் கேள்விப்பட்டார்.

ஒருநாள் குழாயின் நுனி அடைத்துக்கொண்டு நெருப்பு சரியாக வரவில்லை. பெத்தோ படியில் உட்கார்ந்து, தோலுறையைக் கழற்றிவிட்டு, நுனியில் இருந்த சின்ன மரையைத் திருக முயன்றார். விரல்கள் மரையைச் சுற்றிவந்தன. பிடித்திருக்கிறதா வழுக்குகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே திருகினாலும் அது நழுவி மண்ணில் விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது.

ஒடிலியா நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்து குழாயை வாங்கினாள். மரையைக் கழற்றி, ஊதி, துணியால் துடைத்து, மாட்டினாள். குழாயைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"சட்டைப் பொத்தான் யார் போட்டு விடறது?"

"மினெர்வா."

"பாவம் அவ. வேலைக்குப் போற எடத்துலயும் அதே, வீட்டுலயும் அதே."

"வீட்டுல சம்பளம் இல்லன்னு திட்டிக்கிட்டே போடறா."

ஒடிலியா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்துபோய், அடுப்பில் காப்பி இருக்கிறது, முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கொம்பாத்ரே என்று சொல்லவில்லை. சார் என்றும் சொல்லவில்லை.

அவள் முறை வந்தபோது கோடை வெயில் தணியத் தொடங்கியிருந்தது. பல்தெமார் இந்தத் தடவை இடப்பக்கம் நின்றான். வலப்பக்கம் லாரெடோவிலிருந்து வந்த புது ஆள். பெத்தோ சோள வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளே வந்து உதவலாமா என்று கேட்கவில்லை. உதவ ஒன்றும் இல்லை.

மாடுகள் ஒவ்வொன்றாக ஒடுக்கத்துக்குள் வந்தன. பல்தெமார் நிதானமாகப் பார்த்தான். தன் பக்கம் முடிந்ததும், புது ஆளிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சுற்றிப்போய் அவன் பக்கத்திலும் கையை விட்டுப் பார்த்தான். புது ஆளுக்கு முகம் சிவந்தது. பல்தெமார் அவனையும் தன் பக்கம் பார்க்கச் சொன்னான். அவன் தயங்கிவிட்டுப் போய்ப் பார்த்தான். அதன் பிறகு ஒவ்வொரு மாட்டுக்கும் அப்படியே செய்தார்கள். நேரம் கூடுதலாகத்தான் பிடித்தது. கதவுக் கயிற்றுக்காரன் முணுமுணுத்தான். பெத்தோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற காலத்தில் யாராவது அப்படிக் கை நீட்டியிருந்தால் கயிற்றைச் சுருட்டி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

கடைசி மாடு வெளியே போனபோது இரண்டு பக்கமும் சுத்தம் என்று வந்தது. மேற்பார்வையாளர் தாளில் கையெழுத்துப் போட்டு ஒடிலியாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொள்ளாமல் வேலிப் பக்கம் திரும்பினாள். லாரிக்காரன் இயந்திரத்தை முடுக்கிவிட்டுக் காத்திருந்தான். ரூபென் பின்கதவைத் திறந்து வைத்திருந்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க, கொம்பாத்ரே?"

எல்லாரும் பெத்தோவைப் பார்த்தார்கள். பல்தெமாரும் பார்த்தான்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, கொம்மாத்ரே. அவன் பாத்துட்டான். அவன் சொன்னதுதான்."

ஒடிலியா தாளை வாங்கிக்கொண்டாள். ரூபெனைப் பார்த்து, ஏற்று என்று கையைக் காட்டினாள்.